வலிக்காத கட்டியின் விலை

வலி என்பது உடல் நமக்கு அனுப்பும் எச்சரிக்கை. பல் வலித்தால் இரவு உறக்கம் கெடும்; மறுநாள் எத்தனை வேலை இருந்தாலும் பல் மருத்துவரைத் தேடிப் போகிறோம். வலி இல்லாத வீக்கத்துக்கு இந்த அவசரம் கிடையாது. காதுக்குக் கீழே பட்டாணி அளவில் ஒரு கட்டி இருந்தால், கண்ணாடி பார்க்கும்போது நினைவுக்கு வரும், பிறகு மறந்துபோகும். உமிழ்நீர்ச் சுரப்பிகளில் தோன்றும் புற்றுநோய் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. அது அரிதான நோய். பல நேரங்களில் மெதுவாக வளரும் நோய். தொடக்கத்தில் வலிக்காத நோய். இம்மூன்று இயல்புகளும் சேர்ந்து அதைக் கண்டறிவதைத் தாமதமாக்குகின்றன.

திருப்பூர் மாநகரின் மண்ணரை போன்ற பகுதிகளில் இந்தத் தாமதத்துக்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. அங்கே பின்னலாடைத் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் மிகுதி. கட்டிங், பவர் டேபிள், ஓவர்லாக், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று வேலைகள் பல. கூலி பெரும்பாலும் பீஸ் கணக்கிலோ ஷிப்ட் கணக்கிலோ வாரச் சம்பளமாகக் கைக்கு வருகிறது. ஒரு ஷிப்டை விட்டால் அந்த ஷிப்டின் கூலி போயிற்று. ஏற்றுமதிச் சரக்கை அனுப்பும் நாள் நெருங்கினால் ஒன்றரை ஷிப்ட், இரண்டு ஷிப்ட் என்று வேலை நீளும். அந்த வாரத்தில், வலிக்காத ஒரு கட்டிக்காக யார் மருத்துவமனை வரிசையில் நிற்பார்? இந்தக் கேள்வி மருத்துவத்துக்கும் பொருளியலுக்கும் பொதுவானது.

முதலில் நோயின் இயல்பைப் பார்ப்போம். நமக்குப் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் மூன்று இணை உண்டு. காதுக்கு முன்னும் கீழுமாக, தாடை எலும்பின் வளைவைத் தழுவி இருப்பது கன்னச் சுரப்பி. பொன்னுக்குவீங்கி வரும்போது வீங்குவது இதுதான். கீழ்த்தாடை எலும்பின் உட்புறத்தில் இருப்பது தாடையடிச் சுரப்பி. நாவின் அடியில் இருப்பது நாவடிச் சுரப்பி. இவை தவிர, உதடு, கன்னத்தின் உட்பகுதி, அண்ணம், தொண்டை ஆகிய இடங்களில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிறு சுரப்பிகள் 600 முதல் 1,000 வரை சிதறிக் கிடக்கின்றன. இவற்றில் எதிலும் கட்டி தோன்றலாம்.

இக்கட்டிகளில் பத்தில் ஏழு அல்லது எட்டு கன்னச் சுரப்பியில் வருகின்றன. அவற்றிலும் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான் புற்றுநோய். தாடையடிச் சுரப்பியில் இந்த விகிதம் ஏறத்தாழப் பாதியை எட்டுகிறது. நாவடிச் சுரப்பியிலும் அண்ணத்திலுள்ள சிறு சுரப்பிகளிலும் தோன்றும் கட்டிகளில் பாதிக்கு மேற்பட்டவை புற்றாக இருக்கின்றன. சுரப்பி சிறியதாக இருந்தால் ஐயம் பெரியதாக இருக்க வேண்டும் என்பது மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிக்கப்படும் எளிய விதி. பொதுமக்களும் அதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

நோய் எவ்வளவு அரிது? உலகெங்கும் ஓராண்டில் 50,000-க்குச் சற்று மேற்பட்டோருக்குப் புதிதாக உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோய் கண்டறியப்படுகிறது என்பது சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு. அதாவது, ஒரு லட்சம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திருப்பூர் மாவட்டத்தில் ஏறத்தாழ 24.8 லட்சம் பேர் இருந்தனர். உலகச் சராசரி அப்படியே பொருந்தும் என்று கொண்டால், மாவட்டம் முழுவதிலும் ஆண்டுக்குப் பதினைந்து முதல் இருபது பேருக்கு இந்நோய் வரலாம். இதன் பொருள், தெருமுனை மருத்துவர் ஒருவர் தமது வாழ்நாள் பணியில் ஓரிரு நோயாளிகளை மட்டுமே காண்பார் என்பதாகும். அவர் முன் வரும் தாடை வீக்கங்களில் பெரும்பாலானவை சொத்தைப் பல்லாலும், சுரப்பியில் அடைத்த கல்லாலும், நெறிகட்டுதலாலும் வந்தவை. எனவே, முதலில் அந்தக் காரணங்களையே அவர் நினைப்பது இயல்பு. அப்படி நினைப்பதில் பிழையும் இல்லை. அந்த நினைப்பு எத்தனை நாள் நீடிக்கலாம் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

அரிதான இந்நோய்க்குள்ளேயே வகைகள் ஏராளம். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோய்கள் மட்டும் 20-க்கும் மேற்பட்டவை. அவற்றில் அதிகம் காணப்படுவது மியூகோஎபிடெர்மாய்டு கார்சினோமா. மெதுவாக வளரும் தன்மையிலிருந்து வேகமாகப் பரவும் தன்மை வரை இதில் படிநிலைகள் உண்டு. அடுத்தது அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா. இது நரம்புகளின் உறையைப் பற்றிக்கொண்டு நகரும் பழக்கம் உடையது. அதனால்தான் கட்டி சிறிதாக இருக்கும்போதே உதட்டிலோ கன்னத்திலோ மரத்துப்போன உணர்வு ஏற்படலாம். சிகிச்சை முடிந்து பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் நுரையீரலில் மீண்டும் தலைகாட்டக் கூடியது என்பதால், ஐந்தாண்டு கடந்துவிட்டது என்று நிம்மதி கொள்ள முடியாத நோய் இது.

எல்லாவற்றிலும் அரிதான ஒரு வடிவம் உண்டு. தாடை எலும்புக்குள்ளேயே உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோய் தோன்றுவது அது. எலும்புக்குள் சுரப்பி எப்படி வந்தது என்ற ஐயம் எழும். கருவளர்ச்சியின்போது எலும்புக்குள் சிக்கிக்கொண்ட சுரப்பித் திசு ஒரு காரணமாகலாம். முளைக்காத கடைவாய்ப் பல்லைச் சுற்றி உருவாகும் நீர்க்கட்டியின் உட்சுவர் மாறுதல் அடைவது மற்றொரு காரணமாகலாம். மியூகோஎபிடெர்மாய்டு புற்றுநோய்களில் இவ்வாறு எலும்புக்குள் தோன்றுபவை 2 முதல் 4 சதவீதம் மட்டுமே. மேல்தாடையைவிடக் கீழ்த்தாடையில்தான், அதுவும் கடைவாய்ப் பற்களின் பின்பகுதியில்தான் இது மிகுதி.

எக்ஸ்ரே படத்தில் இது எலும்புக்குள் கருமையான குமிழ்போலத் தெரியும். சாதாரண நீர்க்கட்டியும் அப்படித்தான் தெரியும். அமிலோபிளாஸ்டோமா என்ற தீங்கற்ற தாடைக் கட்டியும் அப்படித்தான் தெரியும். படத்தை மட்டும் பார்த்து இவற்றைப் பிரித்தறிவது அனுபவம் மிக்க மருத்துவருக்கும் இயலாது. இந்த நோயாளி முதலில் செல்வது பெரும்பாலும் பல் மருத்துவரிடம். பல் ஆடுகிறது, தாடை சற்றுப் புடைத்திருக்கிறது, கீழுதடு மரத்திருக்கிறது என்பார். பல் பிடுங்கப்படும், குமிழ் சுரண்டி எடுக்கப்படும். சுரண்டி எடுத்த திசு நுண்ணோக்கிக்குப் போகாமல் குப்பைக் கூடைக்குப் போனால், நோயைக் கண்டறியும் முதல் வாய்ப்பும் அதனுடன் போய்விடுகிறது.

அந்த முதல் வாய்ப்பு ஏன் முக்கியம்? தாடை எலும்புக்குள் தோன்றும் இவ்வகைப் புற்றுநோயில், சுரண்டி எடுப்பதுடன் நிறுத்தப்பட்டவர்களில் ஏறத்தாழ 40 சதவீதத்தினருக்குக் கட்டி திரும்ப வந்தது. சுற்றியுள்ள எலும்புடன் சேர்த்து முழுமையாக அகற்றப்பட்டவர்களில் அது ஏறத்தாழ 13 சதவீதமாக இருந்தது. பல நாடுகளின் நோயாளிக் குறிப்புகளைத் தொகுத்து 1990-களின் தொடக்கத்தில் வெளிவந்த ஆய்வு காட்டிய கணக்கு இது. ஆக, கத்தி வைப்பதற்கு முன்பே நோயின் பெயர் தெரிந்திருக்க வேண்டும். பெயர் தெரியாமல் செய்யும் முதல் அறுவை, இரண்டாவது அறுவையைப் பெரியதாக்கிவிடுகிறது.

நோய்க்கான காரணங்களில் நம் மக்களிடையே ஒரு தவறான நிம்மதி நிலவுகிறது. 'நான் புகையிலை போடுவதில்லை, எனக்கு எப்படிப் புற்றுநோய் வரும்?' என்று கேட்பவர் பலர். வாய்ப் புற்றுநோய்க்குப் புகையிலையும் பாக்கும் முதன்மைக் காரணங்கள் என்பது ஐயத்துக்கு இடமில்லாத உண்மை. உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோயில் அத்தகைய உறுதியான தொடர்பு நிறுவப்படவில்லை. கதிர்வீச்சின் பங்குதான் தெளிவாகத் தெரிகிறது. 1945-இல் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டு வீச்சிலிருந்து தப்பியவர்களிடம் பின்னாளில் இந்நோய், குறிப்பாக மியூகோஎபிடெர்மாய்டு வகை, அதிகமாகக் காணப்பட்டது. எனவே, எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாதவர், இளம் வயதினர் என்பதற்காக ஒரு கட்டியை ஒதுக்கிவிட முடியாது.

உலகம் அறிந்த இருவரின் வரலாறு இங்கே பயன்படும். 1975-இல் புலிட்சர் பரிசு பெற்ற அமெரிக்கத் திரைப்பட விமர்சகர் ரோஜர் ஈபர்ட்டுக்கு 2002-இல் தைராய்டு புற்றுநோயும், அடுத்த ஆண்டில் உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோயும் கண்டறியப்பட்டன. 2006-இல் கீழ்த்தாடையின் ஒரு பகுதி அகற்றப்பட்டது. அதன்பின் அவரால் பேசவோ வாயால் உண்ணவோ இயலவில்லை. எழுத்தை மட்டும் விடாமல் 2013-இல் மறையும் வரை எழுதினார். சிறுவயதில் அளிக்கப்பட்ட கதிர்வீச்சுச் சிகிச்சையே காரணமாகலாம் என்று அவர் கருதினார். அமெரிக்க பேஸ்பால் வீரர் டோனி க்வின்னுக்கு 2010-இல் கன்னச் சுரப்பியில் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அதற்கு முன்பே அவருக்கு அப்பகுதியில் தீங்கற்ற கட்டிகள் அகற்றப்பட்டிருந்தன. 2014-இல் தமது 54-ஆவது வயதில் அவர் இறந்தார். நெடுங்காலம் வாயில் அடக்கி வைத்த புகையிலையே காரணம் என்று அவர் நம்பினார். மருத்துவ அறிவியல் அதை உறுதிசெய்யவில்லை. வசதியும் புகழும் உள்ளவர்களையே இந்நோய் இவ்வாறு ஆட்டிப்படைத்தது என்றால், வாரக் கூலியை நம்பி வாழ்பவரின் நிலையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

எந்த அறிகுறிகளைக் கண்டால் மருத்துவரிடம் போக வேண்டும்? காதுக்கு முன்னோ கீழோ, தாடையின் அடியிலோ, அண்ணத்திலோ தோன்றிய வீக்கம் இரண்டு, மூன்று வாரங்களில் வடியாவிட்டால் போக வேண்டும். கல் அடைப்பால் வரும் வீக்கம் சாப்பிடும்போது பெருத்துப் பிறகு வடியும். கட்டி அப்படி ஏறி இறங்காது. உதடு, கன்னம், நாக்கு ஆகியவற்றில் காரணமின்றி மரத்துப்போன உணர்வு, வாயை முழுமையாகத் திறக்க இயலாமை, பல் பிடுங்கிய குழி ஆறாமல் இருத்தல், பற்கள் தாமாக ஆடத் தொடங்குதல் ஆகியவையும் எச்சரிக்கைகளே. முகத்தின் ஒரு பக்கம் செயலிழப்பது தனிக் கவனத்துக்கு உரியது. பொதுவாகக் காணப்படும் முகவாதம் இரண்டு, மூன்று நாள்களில் முழு அளவை எட்டி, பிறகு மெல்லச் சீராகத் தொடங்கும். வாரக்கணக்கில் படிப்படியாக அதிகரிக்கும் முகச் செயலிழப்பின் பின்னால் கன்னச் சுரப்பியில் கட்டி இருக்கலாம். ஏனெனில், முகத்தை அசைக்கும் நரம்பு அச்சுரப்பியின் ஊடாகவே செல்கிறது.

அடுத்து, கண்டறியும் முறை. மருத்துவர் முதலில் கையால் தடவிப் பார்ப்பார். வாய்க்குள் ஒரு விரலும் வெளியே மறு கையும் வைத்து அழுத்திப் பார்ப்பார். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்றும் சோதிப்பார். பிறகு அல்ட்ராசவுண்ட். சுரப்பியில் இருப்பது கல்லா, நீரா, கட்டியா என்பதை அது பெருமளவு காட்டிவிடும். எலும்பு சார்ந்த ஐயம் இருந்தால் இரு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும் தேவைப்படும். நரம்புவழிப் பரவலைக் காண எம்.ஆர்.ஐ. சிறந்தது.

இவை எல்லாம் கட்டி எங்கே, எவ்வளவு என்று சொல்லும். என்ன என்று சொல்வது ஊசிப் பரிசோதனை. எப்.என்.ஏ.சி. என்று மருத்துவமனைகளில் சொல்லப்படும் இதில், மெல்லிய ஊசியால் சிறிதளவு செல்களை உறிஞ்சி எடுத்துக் கண்ணாடிச் சில்லில் பரப்பி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். சில நிமிட வேலை. மயக்க மருந்து தேவையில்லை. மருத்துவமனையில் தங்க வேண்டியதும் இல்லை. ஊசி குத்தினால் புற்றுநோய் பரவிவிடும் என்ற அச்சம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மெல்லிய ஊசியால் அவ்வாறு நேர்வது மிக மிக அரிது. பரிசோதனையைத் தள்ளிப்போடுவதால் வரும் தீங்கே பெரியது. அதேசமயம், கன்னச் சுரப்பியில் தோலைக் கீறிக் கட்டியின் ஒரு துண்டை வெட்டி எடுப்பதைப் பொதுவாகத் தவிர்க்கிறார்கள். முக நரம்பு காயப்படலாம், கட்டி சிதறலாம். அண்ணத்திலோ தாடை எலும்பிலோ உள்ள கட்டிக்குத் துண்டு எடுத்துப் பார்ப்பதே முறை.

ஊசிப் பரிசோதனையின் முடிவை எப்படிப் படிப்பது என்பதில் நோயாளிகள் தடுமாறுகிறார்கள். 2018-இல் வெளியான மிலன் வகைப்பாடு, முடிவுகளை ஆறு பிரிவுகளாக வகுத்திருக்கிறது. அவற்றில் முதல் பிரிவு, 'போதிய செல்கள் கிடைக்கவில்லை' என்பது. இதை 'நோய் இல்லை' என்று புரிந்துகொண்டு வீட்டுக்குப் போய்விடக் கூடாது. மியூகோஎபிடெர்மாய்டு வகையில் ஊசிக்குள் வெறும் சளிநீர் மட்டுமே வருவது உண்டு. அப்போது பரிசோதனையை மீண்டும் செய்ய வேண்டும், அல்லது சற்றுத் தடித்த ஊசியால் திசு எடுக்க வேண்டும்.

இங்கே ஒரு சிறு கணக்கு உதவும். ஊசிப் பரிசோதனை, புற்றுநோய் உள்ளவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ எண்பது பேரைச் சரியாகக் கண்டுபிடிக்கிறது. புற்றுநோய் இல்லாதவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பேரை மட்டுமே தவறாகச் சந்தேகிக்கிறது. கன்னச் சுரப்பியில் கட்டியுடன் 100 பேர் வருகிறார்கள் என்று கொள்வோம். அவர்களில் 20 பேருக்குப் புற்றுநோய். ஊசி அவர்களில் 16 பேரைக் காட்டிக்கொடுக்கும், நால்வரைத் தவறவிடும். மற்ற 80 பேரில் இரண்டு, மூன்று பேரை வீணாக அச்சுறுத்தும். ஆகவே, 'புற்றுநோய்' என்று ஊசி சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். 'இல்லை' என்று சொன்னாலும் கட்டி வளர்கிறதா என்பதைக் கண்காணிக்க வேண்டும்.

இதே அளவு துல்லியமான ஒரு சோதனையை எந்த அறிகுறியும் இல்லாத ஒரு லட்சம் பேருக்குச் செய்தால் என்ன ஆகும்? அவர்களில் நோயாளி ஒருவர் இருக்கலாம். வீணாக அச்சுறுத்தப்படுபவர்கள் ஏறத்தாழ 3,000 பேர். எனவேதான் அரிய நோய்களுக்கு ஊர் முழுவதையும் சோதிக்கும் முகாம்கள் பயன் தருவதில்லை. கட்டியோடு வருபவரை விரைவாகச் சோதிப்பதே பயன் தரும். பணத்தை எங்கே செலவிடுவது என்று அரசு முடிவு செய்யும்போது இந்த வேறுபாட்டைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

இனி, கட்டியோடு இருப்பவர் ஏன் வருவதில்லை என்ற கேள்விக்கு வருவோம். மண்ணரையில் பவர் டேபிளில் அமர்ந்து தைக்கும் ஒரு பெண்ணை எண்ணிப் பார்ப்போம். காதுக்குக் கீழே கட்டி. முதல் நாள் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரண்டாம் நாள் ஸ்கேன். மூன்றாம் நாள் ஊசி. சில நாள் கழித்து முடிவை வாங்க ஒரு நாள். அதைக் காட்ட மற்றொரு நாள். ஆக ஐந்து ஷிப்டுகள் போகும். அரசு மருத்துவமனையில் பரிசோதனைகளுக்குப் பணம் கேட்கப்படாவிட்டாலும், ஐந்து நாள் கூலியை அவர் கொடுத்தாக வேண்டும். இதைப் பொருளியலில் வாய்ப்புச் செலவு என்கிறோம். இந்தச் செலவு இன்றே, உறுதியாகக் கைவிட்டுப் போவது. நோய் இருக்கும் வாய்ப்போ, அவர் கண்ணுக்குத் தொலைவில் இருக்கிறது. அவர் தள்ளிப்போடுவதை அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது. அவருடைய கணக்கில் அது அறிவுள்ள முடிவாகவே தோன்றும். அந்தக் கணக்கை மாற்றுவது சமூகத்தின் பொறுப்பு.

நம்மிடம் உள்ள காப்பீடுகள் இந்த இடத்தில் எவ்வாறு செயல்படுகின்றன? தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ., 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. 2017 முதல் மாத ஊதியம் ரூ.21,000 வரை பெறுவோருக்கு இது விரிவாக்கப்பட்டது. 2019 ஜூலை முதல் தொழிலாளியிடம் ஊதியத்தில் 0.75 சதவீதமும் முதலாளியிடம் 3.25 சதவீதமும் பெறப்படுகின்றன. நோயுற்ற காலத்துக்கு ஆண்டில் 91 நாள்கள் வரை ஊதியத்தில் 70 சதவீதம் வழங்கப்படும். புற்றுநோய் உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு, உரிய பணிக்காலம் உள்ளவர்களுக்கு, 80 சதவீத ஊதியம் இரண்டு ஆண்டுகள் வரை கிடைக்கும். பின்னலாடைத் தொழிலாளர்கள் பலர் அறியாத பயன் இது.

ஆனால் அச்சட்டம் வகுத்த விதிகளில் ஒன்று, நோயுற்ற முதல் இரண்டு நாள்களுக்கு உதவித்தொகை இல்லை என்பது. முந்தைய நோய்க்காலம் முடிந்து 15 நாள்களுக்குள் மீண்டும் நோயுற்றால் மட்டுமே அதற்கு விலக்கு. சில்லறை விடுப்புகளைத் தடுப்பதற்காக எழுதப்பட்ட விதி அது, தன்னளவில் நியாயமானதே. கட்டியோடு வருபவருக்கு அது எதிராக வேலை செய்கிறது. நோயைக் கண்டறிய அவர் அலையும் நாள்கள், இங்கொன்றும் அங்கொன்றுமான ஒற்றை நாள்கள். அவற்றுக்கு ஈடு கிடைக்காது. புற்றுநோய் முற்றிப் படுத்துவிட்டால் இரண்டு ஆண்டுகள் உதவி உண்டு. அது முற்றாமல் தடுக்க உதவும் அந்த ஐந்து நாள்களுக்கு இல்லை.

இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வராத சிறு ஜாப் ஒர்க் கூடங்களிலும் வீடுகளிலும் வேலை செய்வோருக்கு இந்த உதவியும் கிடையாது. அவர்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் ரூ.1.20 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை அது சிகிச்சைக்குக் கைகொடுக்கிறது. பிரதமரின் ஆயுஷ்மான் பாரத் அட்டை வைத்திருக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள், அத்திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில் எந்த மாநிலத்திலும் அதைப் பயன்படுத்தலாம். இத்திட்டங்கள் பெரிதும் அறுவை, கதிர்வீச்சு போன்ற சிகிச்சைகளுக்கானவை. இழந்த கூலியை இவை எதுவும் தருவதில்லை.

புற்றுநோய் மருத்துவத்தில் தமிழகத்துக்கு நீண்ட மரபு உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் 12 படுக்கைகளுடன் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, டாக்டர் கிருஷ்ணமூர்த்தி, டாக்டர் சாந்தா ஆகியோரின் உழைப்பால் நாடறிந்த நிறுவனமாயிற்று. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவு அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. திருப்பூரிலிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவிலுள்ள கோவையில் அரசு மருத்துவக் கல்லூரியும் தனியார் புற்றுநோய் மையங்களும் உள்ளன. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளுள் திருப்பூரும் ஒன்று. மருத்துவக் கல்லூரி என்றால் நோய்க்குறியியல் துறை இருக்கும், நுண்ணோக்கி இருக்கும், அதைப் பார்க்கத் தெரிந்த கண்களும் இருக்கும். ஆகவே, நமக்குக் குறைவாக இருப்பது கருவிகள் அல்ல. கட்டிக்கும் நுண்ணோக்கிக்கும் இடையிலான நாள்களைக் குறைக்கும் ஏற்பாடே தேவைப்படுகிறது.

அதற்கு நான்கு வழிகள் உண்டு. முதலாவது, வாரத்தில் ஒரு நாள், அதுவும் ஞாயிறு முற்பகலில், அரசு மருத்துவக் கல்லூரியில் 'கட்டிப் பிரிவு' ஒன்று நடத்தலாம். கையால் சோதித்தல், அல்ட்ராசவுண்ட், ஊசி ஆகிய மூன்றும் ஒரே வருகையில் முடிய வேண்டும். முடிவு தொலைபேசியில் தெரிவிக்கப்பட வேண்டும். ஐந்து ஷிப்ட் இழப்பு இல்லாமலே போய்விடும். கழுத்து, மார்பகம், தைராய்டு என்று எந்தக் கட்டிக்கும் இது பயன்படும் என்பதால், அரிய நோய் ஒன்றுக்காகத் தனிச் செலவு செய்வதாக ஆகாது.

இரண்டாவது, மருத்துவர் எழுத்துமூலம் பரிந்துரைத்த புற்றுநோய்ப் பரிசோதனை நாள்களுக்கு, இரண்டு நாள் காத்திருப்பு விதியிலிருந்து இ.எஸ்.ஐ. விலக்கு அளிக்கலாம். முற்றிய நோய்க்கு இரண்டு ஆண்டுகள் தரும் உதவியோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு மிகச் சிறியது. ஏற்றுமதி நிறுவனங்கள் இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தாமே ஊதியத்துடன் கூடிய பரிசோதனை நாளை அறிவிக்கலாம். தொழிலாளர் நலனை ஆய்வு செய்யும் வெளிநாட்டு வணிகர்கள் முன்பு அது அவர்களுக்கு நற்பெயரையும் தரும்.

மூன்றாவது, தாடையிலிருந்து எடுக்கப்படும் எந்தத் திசுவும் நோய்க்குறியியல் பரிசோதனைக்குச் செல்வதைப் பல் மருத்துவமனைகள் தவறாத வழக்கமாக்க வேண்டும். நோயாளியும் 'எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பினீர்களா?' என்று கேட்கத் தயங்கக் கூடாது. அரிய வகைகளில் ஒரே சில்லைப் பார்த்து இரு நிபுணர்கள் வேறுபடுவது உண்டு. எனவே கண்ணாடிச் சில்லையும் மெழுகில் பதித்த திசுக் கட்டையையும் கேட்டு வாங்கி இரண்டாவது கருத்து பெறுவது நோயாளியின் உரிமை. டாடா நினைவு மையத்தை மையமாகக் கொண்டு 2012-இல் உருவான தேசியப் புற்றுநோய்க் கட்டமைப்பில் நாடெங்கிலும் உள்ள மையங்கள் இணைந்துள்ளன. சிக்கலான நோயாளிகளைப் பற்றி அவை இணையவழியில் கலந்தாய்வு நடத்துகின்றன. நோயாளி அலையாமல் அவருடைய சில்லு பயணம் செய்யும் வசதியை நாம் முழுமையாகப் பயன்படுத்த வேண்டும்.

நான்காவது, ஏற்கெனவே நடைபெறும் பணியில் ஒரு சிறு சேர்க்கை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர்கள் வீடு வீடாகச் செல்கிறார்கள். ஈரோடு உள்ளிட்ட நான்கு மாவட்டங்களில் 2023-இல் தொடங்கிய புற்றுநோய்க் கண்டறிதல் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகியவை சோதிக்கப்படுகின்றன. வாயைப் பார்க்கும்போது அண்ணத்தையும் பார்த்து, காதின் அடியையும் தாடையின் அடியையும் விரலால் தடவிப் பார்க்க அரை நிமிடம் போதும். ஊசியும் ஸ்கேனும் அனைவருக்கும் தேவையில்லை. கட்டி இருப்பவரை மட்டும் அடுத்த படிக்கு அனுப்பினால் போதும்.

இவற்றை எல்லாம் செய்தால் எல்லோரும் பிழைத்துவிடுவார்கள் என்று சொல்ல முடியாது. இந்நோயின் சில வகைகள் எவ்வளவு விரைவாகக் கண்டறிந்தாலும் கடுமையானவை. எனினும், சிறிய கட்டியாக இருக்கும்போது அகற்றினால் பெரும்பாலும் முக நரம்பைக் காப்பாற்றலாம். கதிர்வீச்சையே தவிர்க்கக் கூடிய நிலையும் உண்டு. தீங்கற்றது என்று தெரிந்த கட்டிக்கும் இது பொருந்தும். மிகப் பரவலான பிளியோமார்பிக் அடினோமா என்ற கட்டியைப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அப்படியே விட்டால், பத்தில் ஒன்று புற்றாக மாறக்கூடும் என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. காலந்தாழ்ந்து வருபவருக்குத் தாடை எலும்பை வெட்டி, காலிலிருந்து எலும்பெடுத்துப் பொருத்த வேண்டியிருக்கும். பேச்சும் உணவும் சிரிப்பும் அந்தத் தாடையைச் சார்ந்தவை என்பதை எண்ணினால், ஒரு ஷிப்டின் கூலி பெரிதாகத் தோன்றாது. அந்த ஒரு ஷிப்டையும் தொழிலாளி தனியாகச் சுமக்கும்படி விடாமல் இருப்பது தொழிலாலும் அரசாலும் இயலக் கூடியதே.

அதுவரை, ஒவ்வொரு வீட்டிலும் நினைவில் கொள்ள வேண்டியவை மூன்று. மூன்று வாரங்களில் வடியாத தாடை வீக்கத்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். மரத்துப்போன உணர்வோ முகச் செயலிழப்போ சேர்ந்திருந்தால் மூன்று நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. அறுவைக்கு ஒப்புக்கொள்ளும் முன் அந்தக் கட்டியின் பெயர் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கட்டுரையாளர்:
பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).